அந்த டியூப் எதற்கு? என்றைக்கு எடுப்பீர்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். மூத்திரம், மலம் என்றெல்லாம் வரும். முகம் சுளிப்பவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம். வீட்டில் எழுபதைத் தாண்டியவர் யாராவது இருந்தால் மட்டும் போகாதீர்கள்.

போன வாரம் வயதானவர்களுக்குப் போடும் யூரின் டியூப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். டாக்டராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கீழே எழுதினார்: "சார், நீங்க சொல்ற காம்ப்ளிகேஷன் எல்லாம் ரொம்ப ரேர். ஜனங்களைப் பயமுறுத்தாதீங்க." கூடவே கும்பிடும் கைகள் இரண்டு. அன்பாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த 'ரேர்' என்ற சொல் மேல் எனக்குப் பல வருஷக் கோபம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஒருவன் "ஏன் சார் இப்படி ஆச்சு" என்று கேட்கும்போது, அவன் வாயை மூட இதைவிட வசதியான சொல் கிடையாது. ரேர் என்று சொல்லிவிட்டால் விதி என்று ஆகிவிடுகிறது. விதி என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கதீட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்ட்டில் அதையே பிடித்துக்கொள்வீர்கள். புராஸ்டேட் வீங்கி, ஒரு சொட்டும் போக முடியாமல், அடிவயிறு பானை மாதிரி ஆகி நடு ராத்திரியில் துடிக்கும் மனிதருக்கு அந்த டியூப்தான் தெய்வம். ஐசியூவில் மணிக்கு எத்தனை மில்லி போகிறது என்று அளக்க வேண்டியவருக்கும், பெரிய ஆபரேஷன் நடப்பவருக்கும், இடுப்புக்குக் கீழ் படுக்கைப்புண் இருந்து ஈரம் படக்கூடாதவருக்கும், கடைசி நாட்களில் அசைத்தாலே வலிக்கிறவருக்கும் வேண்டும். 1930களில் அமெரிக்காவில் ஃப்ரெடரிக் ஃபோலி என்ற மருத்துவர், நுனியில் பலூன் வைத்து உள்ளேயே நிற்கும்படி செய்த குழாய்தான் இன்றைக்கும் நம் ஊரில் போடுவது. அதற்கு முன்பு குழாயை வெளியே டேப் போட்டு ஒட்டியும், கட்டியும் நிறுத்த வேண்டியிருந்தது. நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

நான் கேட்பது இரண்டே கேள்வி. அந்த டியூப் எதற்கு? என்றைக்கு எடுப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் கேஸ் ஷீட்டில் பதில் எழுதியிருந்தால், நீங்கள் ரேர் என்று சொல்லும் விபரீதங்களில் பெரும்பகுதி நடக்கவே நடக்காது என்பது என் வாதம்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை. உறவினர்களுக்குத் தெரியும். 81 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு நகரத்துத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன். நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள், ஏழாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டியூபோடு அனுப்பினார்கள். ஆறு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. உள்ளே வைத்த கம்பியின் விவரம்கூட அதில் இருக்கிறது. டியூப் என்று ஒரு சொல் இல்லை. போட்டதாகவும் இல்லை, எடுக்க வேண்டிய தேதியும் இல்லை. மருமகள் போன் செய்து கேட்டாள். சிஸ்டர், "டாக்டர் சொல்லாம எடுக்க முடியாதும்மா" என்றார். எலும்பு டாக்டர், "அது யூரோ டாக்டர் பார்க்கணும்" என்றார். யூரோ டாக்டர், "போட்டவங்களைக் கேளுங்க" என்றார். ஆக மொத்தம் 47 நாள்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபரேஷனுக்காகப் போட்ட குழாயைத் தொடர்ந்து வைத்திருக்கத் தனியாகக் காரணம் இல்லையென்றால், முடிந்தவரை சீக்கிரம், கூடுமானால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடச் சொல்கிறது. 24 மணி நேரம் எங்கே, 47 நாள் எங்கே.

நாற்பதாவது நாள் வாக்கில் அக்காவின் யூரின் பை ஊதா நிறமாகிவிட்டது. லேசாக இல்லை, நல்ல கத்தரிப்பூ நிறம். வீடே அலறியது. குடும்ப குரூப்பில் அந்தப் போட்டோவைப் போட்டு ஒருவர் கிட்னி போச்சு என்றார். இன்னொருவர் ஏதோ மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றார். ஒருவர் எலுமிச்சம்பழம் சுற்றிப் போடச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

வேதியியல் வாத்தியார் என்ற முறையில் இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நாம் சாப்பிடும் புரதத்தில் டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மலச்சிக்கலில் அது குடலில் தங்கும்போது, அங்கிருக்கும் பாக்டீரியா அதை இண்டோல் ஆக்குகிறது. இண்டோல் கல்லீரலுக்குப் போய் இண்டாக்சில் சல்ஃபேட் ஆகி, சிறுநீரில் வெளியேறுகிறது. இதுவரை நிறம் கிடையாது. குழாயில் குடியேறியிருக்கும் சில வகைப் பாக்டீரியாக்கள் அந்த சல்ஃபேட்டை வெட்டிவிடும். வெட்டியதும் இண்டிகோ என்ற நீலமும் இண்டிரூபின் என்ற சிவப்பும் உண்டாகிப் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்கின்றன. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா, இது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இண்டிகோ என்றால் நம் அவுரி நீலம்தான். திண்டிவனம் பக்கம் அவுரிச் செடியிலிருந்து எடுத்துச் சாயத்துக்கு அனுப்புகிறார்களே, அதே பொருள். உங்கள் ஜீன்ஸ் பேன்ட்டின் நீலம். 1978இலேயே லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் மலச்சிக்கல் உள்ள, நீண்ட நாள் டியூப் வைத்த வயதான பெண்களுக்கு வருகிறது. நிறத்தால் மட்டும் உயிருக்கு ஆபத்து கிடையாது. குழாயையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலைச் சரிசெய்தால் பெரும்பாலும் போய்விடும்.

டாக்டர் தம்பி, நீ சொல்வது சரி, இது ரேர்தான், பயப்படவும் வேண்டாம். ஆனால் அந்த ஊதா என்ன சொல்கிறது பார். இந்தக் குழாய் இங்கே வேரூன்றிவிட்டது, இந்த அம்மாவுக்கு வெளிக்குப் போய் நாலைந்து நாள் ஆகிறது, இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை என்று சொல்கிறது. லிட்மஸ் தாள் மாதிரி. லிட்மஸ் சிவந்தால் தாளையா குறை சொல்வோம்?

டியூபை எடுத்த அன்று சாயங்காலமே அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானாக பாத்ரூம் போய்விட்டு வந்தார். இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக அவர் கதையைச் சொன்னேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் பாக்டீரியா புதிதாகக் குடியேறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் என்கிறார்கள். ஒரு மாதம் வைத்தால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வந்துவிடும். ஒவ்வொரு நாளும் பகடை உருட்டுவது போல. ஒரு தடவை உருட்டினால் தாயம் விழுவது அபூர்வம். 47 தடவை உருட்டிவிட்டு, விழுந்ததை அபூர்வம் என்றால் எப்படி?

இதில் இன்னொரு கூத்து. ஒரு மாதம் டியூப் இருக்கும் யாருடைய சிறுநீரை கல்ச்சர் அனுப்பினாலும் கிருமி வளரத்தான் செய்யும். காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை, வலி இல்லை. ரிப்போர்ட்டில் கிருமி பெயரைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக். அக்காவுக்கு அப்படி மூன்று ரவுண்டு கொடுத்தார்கள். தொந்தரவு இல்லாத கிருமிக்கு மருந்து கொடுக்காதே என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. கொடுத்தால் சாதுவான கிருமி செத்து முரட்டுக் கிருமி மிஞ்சும். நாளைக்கு நிஜமாகவே காய்ச்சல் வரும்போது எந்த மருந்தும் கேட்காது.

இன்னும் சில 'ரேர்'களைப் பார்ப்போம். டியூப் உறையில் 16 என்று எழுதியிருந்தால் 3ஆல் வகுங்கள்: 5.3 மில்லிமீட்டர் தடிமன். உள்ளே பலூனில் ஏற்றுவது வழக்கமாக 10 மில்லி தண்ணீர். கோளத்தின் கனஅளவு சூத்திரம் மறந்திருக்காதே? போட்டுப் பாருங்கள், விட்டம் சுமார் 2.7 சென்டிமீட்டர், ஒரு நெல்லிக்காய். சிறுநீர்ப்பையில் இருக்க வேண்டிய இந்த நெல்லிக்காயை, குழாய் முழுதாக உள்ளே போவதற்குள் பாதி வழியிலேயே ஊதிவிட்டால் என்ன ஆகும்? மூத்திர வழி கிழியும். ரத்தம் வரும். ஆறினால் தழும்பாகி வழி சுருங்கும், அப்புறம் ஆயுசுக்கும் அவதி. ஆண்களுக்கு, கவட்டை போல் பிரியும் இடம் வரை குழாயை உள்ளே தள்ளி, சிறுநீர் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும். நர்சிங் முதல் பாடம் இது. இளைஞனுக்குத் தவறாக ஊதினால் கத்தி ஊரைக் கூட்டிவிடுவான். பக்கவாதத்தில் பேச்சுப் போன பெரியவரோ, சர்க்கரையில் உணர்ச்சி மரத்தவரோ, மறதி நோய்க்காரரோ என்ன செய்வார்? முகத்தைச் சுளிப்பார். அந்த முகத்தை யார் பார்க்கிறார்கள்? முதியவர்களுக்கு இவை ஏன் நடக்கின்றன என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

நர்சாக இருக்கும் என் மாணவி ஒருத்தி சொன்னது: ஆண்களுக்குக் குழாய் போடும்போது முன்தோலைப் பின்னால் தள்ளித்தான் சுத்தம் செய்வார்கள். முடித்ததும் அதைத் திரும்ப முன்னால் கொண்டுவர வேண்டும். மறந்தால், வளையம் மாட்டிய விரல் போல இறுகி வீங்கும். நேரம் போனால் ரத்த ஓட்டமே நின்று அழுகும் வரை போகலாம். "ரெண்டு நாள் கழிச்சு வேற வார்டுல கண்டுபிடிச்சோம் சார், அதுவரைக்கும் யாரும் போர்வையைத் தூக்கிப் பார்க்கலை" என்றாள். இரண்டு விநாடி வேலை. இதை எந்தக் கணக்கில் அபூர்வம் என்று எழுதுவது?

அப்புறம் அறுந்துபோவது. யூரின் பை 2 லிட்டர் பிடிக்கும். நிறைந்தால் 2 கிலோ. அந்த எடை நாள் முழுக்க ஒரே இடத்தில் தொங்கினால், ஆண்குறியின் அடிப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டு நுனியிலிருந்து பிளந்துகொண்டே போகும். மாதக் கணக்கில் நடக்கும் காரியம் இது. தொடையில் ஒரு பட்டை போட்டு இழுப்பில்லாமல் குழாயை ஒட்டியிருந்தால், பை நிறையும் முன் காலி செய்திருந்தால் இது வராது. பெண்களுக்கு வேறு மாதிரி. குழாயைச் சுற்றி ஒழுகுகிறது என்பார்கள், உடனே அதைவிடத் தடிமனான குழாய் போடுவார்கள். வழி இன்னும் விரியும், இன்னும் ஒழுகும், இன்னும் தடிமன். ஒழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் மலச்சிக்கலோ, குழாய் அடைப்போ, சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதோதான், குழாயின் அளவு அல்ல.

பலூன் சுருங்க மறுப்பதும் உண்டு. தண்ணீருக்குப் பதில் சலைன் ஏற்றினால் உப்பு படிந்து அந்தச் சின்னப் பாதை அடைத்துக்கொள்ளலாம். புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும் (பள்ளிக்கூட மூத்திரக் கொட்டகை வாசம் நினைவிருக்கிறதா, அதே வினை), சிறுநீர் காரமாகி, மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட்டாகப் பலூன் மேல் முட்டை ஓடு மாதிரி படியும். குழாயை மாற்றும்போது ஓடு உடைந்து உள்ளே தங்கினால் கல். வீட்டில் சிலர் மஞ்சள் ரப்பர் குழாய் மேல் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுகிறார்கள். தடவாதீர்கள், எண்ணெய் அந்த ரப்பரைக் கெடுக்கும்.

சுருங்கிய சிறுநீர்ப்பையில் போட்ட குழாய், சிறுநீரகத்திலிருந்து இறங்கும் பாதைக்குள்ளேயே ஏறிவிடுவது, சிறுநீர்ப்பை ஓட்டையாவது, பல வருஷம் குழாயோடு இருந்தவர்களுக்கு அங்கே புற்று வருவது: இவை உண்மையிலேயே அபூர்வம். இவற்றை வைத்து யாரையும் பயமுறுத்த மாட்டேன். நான் பேசுவது கை மறந்ததால் வருவதையும், தேதி மறந்ததால் வருவதையும்.

அந்த மறதியை யாரோ அளந்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் சஞ்சய் செயின்ட் என்ற மருத்துவரும் சகாக்களும் 2000இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தங்கள் நோயாளிக்கு டியூப் போட்டிருக்கிறதா என்று டாக்டர்களிடமே கேட்டார்கள். குழாய் இருந்த நோயாளிகளைப் பொறுத்தவரை, 28 சதவீதம் தடவை டாக்டருக்கு அது தெரியவில்லை. அங்கேயே அந்த நிலைமை. இரண்டு வருஷம் கழித்து அவர்களே இன்னொரு கட்டுரையில், இந்தக் குழாய் நோயாளியைக் கட்டிலோடு ஒரு முனையில் கட்டிப்போடும் விலங்கு ஆகிறதா என்று கேட்டார்கள்.

விலங்கு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது, என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த பி.டி. மாஸ்டர். மறதி நோய் முற்றிய பிறகு, நிமோனியாவுக்காகச் சேர்த்தார்கள். உள்ளாடை நனைகிறது என்று டியூப் போட்டார்கள். அவருக்கு அது என்னவென்று புரியவில்லை. ஏதோ தொங்குகிறது, உறுத்துகிறது. இழுத்தார். நெல்லிக்காயோடு வெளியே வந்தது. ஒரே ரத்தம். திரும்பவும் போட்டார்கள், இந்தத் தடவை இரண்டு கையையும் கட்டில் கம்பியில் துணியால் கட்டினார்கள். கட்டியதால் புரள முடியவில்லை, புரளாததால் முதுகில் புண். புண் இருப்பதால் டியூப் அவசியம் என்று பின்னால் எழுதினார்கள். எங்கே ஆரம்பித்தது என்று பாருங்கள். நனைந்த உள்ளாடையில்! நான் மேலே சொன்ன அதே 2009 வழிகாட்டுதல், சிறுநீர் கட்டுப்படாதவருக்குச் செய்ய வேண்டிய பராமரிப்புக்குப் பதிலாகக் குழாய் போடாதே என்கிறது. டயபர் இருக்கிறது. ஆண்களுக்கு ஆணுறை போல வெளியே மாட்டும் குழாய் இருக்கிறது. இரண்டு மணிக்கு ஒரு தரம் கூட்டிப்போய் உட்காரவைக்க ஒரு ஆள், அதுதான் இல்லை.

இந்த இடத்தில் டாக்டர்களை விட்டுவிட்டு உங்களிடம் திரும்புகிறேன். ஆம், பிள்ளைகளான உங்களிடம். வீடியோ காலில் "டியூப் இருக்கட்டும் டாக்டர், அம்மாவுக்கும் சிரமம் இல்ல, பார்த்துக்கிறவங்களுக்கும் ஈசி" என்று சொல்வது யார்? ஏஜென்சியிலிருந்து ஆள் வைக்கும்போது, டியூப் இருந்தால் ராத்திரி எழுந்திருக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்க, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். ராத்திரி நாலு தடவை எழுந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இடுப்பு ஒடியும். வேலைக்குப் போகும் மருமகள் ஒருத்தி தலையிலேயே அது எல்லாம் விழுகிறது என்பதும் தெரியும். அதற்கு ஆள் வையுங்கள், கட்டில் பக்கத்தில் கம்மோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள், அண்ணன் தம்பி முறை வைத்துப் படுங்கள். உங்கள் தூக்கத்துக்கு விலையாக அவர் உடம்பில் ஒரு ஓட்டையைத் திறந்து வைக்காதீர்கள். அவர்களுக்குச் சம்மதமா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பெரும்பாலான வீட்டில் கேட்பதில்லை. தனக்கு அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று மகனிடம் சொல்லக் கூசுகிற தலைமுறை அது. வலித்தாலும் சொல்ல மாட்டார்கள்.

டியூப் தேவைதான் என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் சில விஷயம் கவனியுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது. ஆட்டோவில் ஏற்றும்போதும் ஸ்ட்ரெச்சரில் தள்ளும்போதும் பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைக்கிறார்கள், பையில் இருப்பது திரும்ப உள்ளே போகும். சாதா ரப்பர் குழாய் சுமார் 4 வாரம், முழு சிலிகான் 12 வாரம் வரை. போட்ட தேதியைப் பையின் மேலேயே மார்க்கரில் எழுதுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், ரத்தம், அடிவயிற்று வலி, மணிக்கணக்கில் ஒன்றும் வராமலிருப்பது: காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். இதைப் படித்துவிட்டு நீங்களே உருவாதீர்கள், கத்தரிக்கோலும் வைக்காதீர்கள். சொல்லித்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு ஆறேழு மணி நேரத்தில் தானாகப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய்த் தணிப்பு நர்ஸ் பற்றி உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021இலிருந்து இருக்கிறது, நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். எரிச்சல்படுவார், படட்டும். பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கக் கை தூக்கச் சொல்லித்தானே வளர்த்தோம்.

டாக்டர் தம்பி, நீ மறுத்து எழுது, அழிக்க மாட்டேன். அதற்கு முன்னால் நாளைக் காலை உன் வார்டில் ஒரு சுற்று வா. எத்தனை கட்டிலில் பை தொங்குகிறது, அதில் எத்தனை பேர் கேஸ் ஷீட்டில் காரணமும் தேதியும் எழுதியிருக்கிறது என்று எண்ணு. இரண்டு எண்ணையும் இங்கே கமெண்ட்டில் போடு.